கம்பெனிக்குச் சொந்தமில்லாத கேஸ்

காரைக்குடி வட்டாரத்து ஏசி மெக்கானிக்குகளிடையே நான்கு பக்கக் கட்டுரை ஒன்று ஜெராக்ஸாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏணியில் ஏறி அவுட்டோர் யூனிட்டைக் கழற்றுகிற பையன்கள்கூட அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்கள். எழுதியவர் தொழிலில் மூத்தவர். கம்ப்ரஸர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவார் என்று பேர் வாங்கியவர். பதில் எழுத வேண்டியிருப்பதும் அதனால்தான். விவரமில்லாத ஆள் எழுதியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம்.

அவர் சொல்வதன் சாரம் இவ்வளவுதான். ஓசோன் ஓட்டை என்பது அமெரிக்கக் கம்பெனிகள் ஜோடித்த கதை. டூபாண்ட் கம்பெனியின் ஃப்ரியான் காப்புரிமை முடியும் நேரம் வந்தது. பழைய கேஸுக்குத் தடை வாங்கிப் புதுக் கேஸை நம் தலையில் கட்டினார்கள். அந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, மேலே போகவே போகாது. போனாலும் ஓட்டை அண்டார்டிகாவில். காரைக்குடிக்காரனுக்கு என்ன வந்தது? ஆர்-22 தங்கமான கேஸ். இப்போது வருகிற ஆர்-290 படுக்கையறையில் வைக்கும் வெடிகுண்டு. கடைசிப் பக்கத்தில் செட்டிநாட்டு வீட்டின் பெருமை ஒரு பத்தி. பிறகு, மெக்கானிக்கின் வயிற்றில் அடிக்காதே என்று முழக்கம்.

முழுப் பொய்யை நான்கு பக்கத்துக்கு இழுக்க முடியாது. இதிலும் இரண்டு உண்மைகள் உண்டு; அவற்றுக்கு வருகிறேன். அந்த உண்மைகளை அவர் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும் இடம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் காப்புரிமை. தாமஸ் மிட்ஜ்லியின் குழு ஃப்ரியானைக் கண்டுபிடித்தது 1928இல். ஜெனரல் மோட்டார்ஸும் டூபாண்டும் சேர்ந்து அதற்கென்று கம்பெனி தொடங்கியது 1930இல். காப்புரிமைகள் கிடைத்தது 1930களின் தொடக்கத்தில். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமையின் ஆயுள் 17 ஆண்டு. கூட்டிப் பார்த்தால் நமக்குச் சுதந்திரம் கிடைத்ததை ஒட்டியே அது காலாவதியாகியிருக்கிறது. இந்த வகை கேஸ்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது 1987 செப்டம்பர் 16இல். கட்டுரையாளரின் கணக்கில் இடையே நாற்பது வருடம் காணாமல் போயிருக்கிறது. இவ்வளவு பெரிய ஓட்டை அண்டார்டிகாவிலும் கிடையாது.

இதைச் சரிபார்க்க அமெரிக்கா போக வேண்டாம், மேட்டூர் போதும். மேட்டூரில் கெம்ப்ளாஸ்ட் சன்மார் ஆலை சிஎஃப்சி, அதாவது ஃப்ரியான் வகை கேஸ், தயாரித்தது. மெட்ரான் என்று பேர் போட்ட சிலிண்டரை இவர் தலைமுறை மெக்கானிக்குகள் தோளில் தூக்கியிருக்கிறார்கள். சூரத் பக்கத்து நவீன் ஃப்ளோரினின் மாஃப்ரானும் எஸ்ஆர்எஃப்பின் ஃப்ளோரானும் கடைக்குக் கடை கிடந்தன. டூபாண்டின் ஏகபோகம் என்று இவர் எழுதுகிற சரக்கை இந்தியாவிலேயே நான்கு கம்பெனிகள் காய்ச்சிக்கொண்டிருந்தன. நாற்பது வருடத் தொழில் அனுபவம் என்று முதல் பக்கத்தில் போட்டுக்கொள்கிறவர், தான் தூக்கிய சிலிண்டரின் மேல் என்ன எழுதியிருந்தது என்பதை மறந்தது எப்படி?

சதி என்றால் சதிகாரன் ஆரம்பம் முதலே சிரித்துக்கொண்டல்லவா இருக்க வேண்டும்? மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் சிஎஃப்சி ஓசோனை அழிக்கும் என்று நேச்சர் இதழில் எழுதியது 1974இல். அன்றிலிருந்து அந்த ஆராய்ச்சியை மறுத்து மல்லுக்கட்டியதில் முன்வரிசையில் நின்றது டூபாண்ட். உற்பத்தியை நிறுத்துகிறேன் என்று அது வாய் திறந்தது 1988 மார்ச்சில், அதாவது ஒப்பந்தம் கையெழுத்தாகி ஆறு மாதம் கழித்து. அதன் பிறகு மாற்று கேஸ் விற்று அது லாபம் பார்த்தது வேறு விஷயம். மழை வந்தபின் குடை விற்றவன்தான் மழையையே பெய்வித்தான் என்று எழுதுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

அடுத்தது கனமான கேஸ் கதை. கடைக்குள் கசிந்தால் தரையோடு தங்குகிறது, நானே பார்த்திருக்கிறேன் என்கிறார். பார்த்திருப்பார். கதவைச் சாத்திய அறையில் அது உண்மை. கரியமில வாயுவும் காற்றைவிடக் கனம்தான். கனமானதெல்லாம் தரையிலேயே தங்கும் என்றால் காரைக்குடியின் பள்ளமான தெருக்களில் குடியிருப்பவர்கள் என்றோ மூச்சுமுட்டிப் போயிருக்க வேண்டும். திறந்த வெளியில் காற்று எல்லாவற்றையும் கலக்கிவிடுகிறது; மேலே போய்ச்சேரச் சில வருடம் ஆகும், அவ்வளவே. சிஎஃப்சி மழையில் கரையாது, வழியில் எதனோடும் வினைபுரியாது. அதனால்தான் அது முழுசாக மேலே போகிறது. கடல் உப்பிலும் குளோரின் இருக்கிறதே என்று மடக்குகிறாரே, அந்த உப்பை மழை கழுவி இறக்கிவிடும். மேலே போன சிஎஃப்சியைப் புற ஊதாக் கதிர் உடைக்கும்போது வெளிவருகிற ஒரு குளோரின் அணு, அடங்குவதற்குள் ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை தீர்த்துக்கட்டும்.

மேலே போய் யார் பார்த்தது என்று கேட்கிறார். 1980களில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் விஞ்ஞானிகள் ஜெர்மானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து ஹைதராபாத்திலிருந்து பலூன் விட்டு, அடுக்கு மண்டலக் காற்றைக் குப்பியில் பிடித்துக் கீழே கொண்டுவந்து அளந்திருக்கிறார்கள். இவர் மேலே போகாது என்கிற வாயுக்கள் அந்தக் குப்பிகளில் இருந்தன. அந்த ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் கே.ஆர்.ராமநாதன், பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர், சி.வி.ராமனின் மாணவர். கொடைக்கானல் வானாய்வகத்துக்குத் தலைமை வகித்தவர், ஓசோன் ஆராய்ச்சிக்கான சர்வதேச ஆணையத்துக்கே தலைவராக இருந்தவர். வானிலைத் துறையில் ஓசோனை அளக்கும் பலூன் கருவியை இந்தியாவிலேயே உருவாக்கக் காரணமாக இருந்தவர், பீர்மேட்டில் பிறந்த அன்னா மாணி. கொடைக்கானல் மலையில் நம் தலைக்கு மேலுள்ள ஓசோனை டாப்சன் கருவியால் அளந்துவந்தார்கள். அண்டார்டிகாவின் ஹாலி தளத்தில் ஜோ ஃபார்மன் குழு 1985இல் ஓட்டையைக் கண்டுபிடித்ததும் அதே வகைக் கருவியால்தான். வெள்ளைக்காரன் சொன்னதை நம்பாதே என்று எழுதுகிறவர், காரைக்குடியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள மலையில் நம் ஆட்கள் அளந்ததையாவது விசாரித்திருக்கலாம். அவ்வளவு தூரம் எதற்கு? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, நேரு 1948இல் அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இதே ஊரில் இருக்கிறது. உப்புக் கரைசலிலிருந்து மின்சாரத்தால் குளோரின் பிரிக்கும் தொழிலுக்கு மின்முனை செய்துகொடுத்த இடம் அது. குளோரின் என்ன செய்யும் என்று கேட்க அதைவிடப் பொருத்தமான வாசல் தமிழ்நாட்டில் இல்லை.

அண்டார்டிகா ஓட்டையால் காரைக்குடிக்கு என்ன என்ற கேள்வியில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. நம் தலைக்கு மேல் ஓசோன் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. துருவத்தில் நடந்தது இங்கே நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதை அவர் கேட்கவில்லை. தடை வராமல் சிஎஃப்சி பெருகியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நாசாவின் பால் நியூமன் குழு 2009இல் கணித்துக் காட்டியது. 2065க்குள் உலகத்து ஓசோனில் மூன்றில் இரண்டு பங்கு போயிருக்கும். 2050களில் வெப்பமண்டலத்தின் மேலேயும் அது சரிந்து விழுந்திருக்கும் என்பது விடை. வெப்பமண்டலம் என்றால் நாம்தான். இயல்பிலேயே இங்கே ஓசோன் படலம் மெல்லிசு; சூரியன் வேறு நேர் உச்சியில். கத்திரி வெயிலின் நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது இப்போதே சாதாரணம். கண்புரைக்கு அந்தக் கதிர் ஒரு காரணம் என்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். வயலிலும் கட்டட வேலையிலும் வெயிலில் நின்றே வயதானவர்கள்தான் புரை எடுக்க மதுரைக்குப் பஸ் ஏறுகிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு போயிருந்தால் அந்த பஸ்ஸில் இடம் கிடைத்திருக்காது. குடை பிடித்ததால் நனையாமல் வந்தவரிடம், பார், மழையே இல்லை என்கிறார் கட்டுரையாளர்.

நம் அரசு வெள்ளைக்காரனுக்குப் பணிந்துபோனது என்ற குற்றச்சாட்டு வேறு. 1987இல் இந்தியா கையெழுத்தே போடவில்லை. கெடுத்தவர்கள் நீங்கள், மாற்றுவதற்கான செலவை ஏழை நாடுகள் ஏன் ஏற்க வேண்டும் என்று கேட்டு வெளியே நின்றது. 1990இல் லண்டன் மாநாட்டுக்குப் போன மேனகா காந்தி, சீனாவோடு சேர்ந்து கறாராகப் பேரம் பேசினார். அந்தப் பேரத்தில் பிறந்ததுதான் பலதரப்பு நிதியம். வளர்ந்த நாடுகள் பணம் போட, வளரும் நாடுகளின் ஆலைகள் மாறிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. அதன் பிறகே, 1992 ஜூனில், இந்தியா சேர்ந்தது. சிஎஃப்சி தயாரிப்பைப் படிப்படியாக மூட இந்திய ஆலைகளுக்கு 1999இல் அந்த நிதியம் ஒதுக்கிய தொகை 8.2 கோடி டாலர். கெடுவும் வளர்ந்த நாடுகளுக்கு 1996, நமக்கு 2010. இந்தியா 2008 ஆகஸ்டிலேயே முடித்துக்கொடுத்தது. கடல் கடந்து பர்மாவிலும் மலாயாவிலும் பெட்டியடி போட்டுக் கொடுக்கல் வாங்கல் செய்த ஊர் இது. கடனை உண்டாக்கியவனிடமே வசூலித்த பேரத்தை இந்த ஊர்க்காரர் ஒருவர் அடிமைத்தனம் என்று எழுதுகிறார்.

சரி, உண்மைகளுக்கு வருவோம். புது கேஸ் என்று கொண்டுவந்தது பழையதைவிட ஒன்றும் யோக்கியமில்லை என்கிறார். முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். ஆர்-22க்கு மாற்றாக வந்த ஆர்-410ஏ ஓசோனை ஒன்றும் செய்யாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல் 2,088 மடங்கு. ஆர்-22 அதில் 1,810 மடங்கு. ஓசோனைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிப் பூமிக்கு இன்னும் கொஞ்சம் கொள்ளி வைத்தார்கள். அந்தத் தவறைத் திருத்தத்தான் 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலியில் மறுபடி உட்கார்ந்தார்கள். அங்கே முடிவான ஏற்பாட்டை இந்தியா 2021 செப்டம்பரில் ஏற்றது. இரண்டாவது உண்மை, கம்பெனிகள் காப்புரிமையை வைத்துச் சம்பாதிக்கின்றன என்பது. நூற்றுக்கு நூறு சரி. ஹனிவெல்லும் டூபாண்டும் உருவாக்கிய ஆர்-1234ஒய்எஃப் என்ற கேஸ் புதுக் கார்களின் ஏசியில் ஏறிக்கொண்டிருக்கிறது. அதன் விலை பழைய ஆர்-134ஏ விலையைப்போல் பல மடங்கு. காற்றில் அது சிதைந்து உண்டாகும் அமிலம் தண்ணீரில் சேர்ந்தால் லேசில் போகாது என்ற கவலையும் இருக்கிறது. காப்புரிமைக் கொள்ளை என்று எழுத வேண்டுமானால் எழுத வேண்டிய பெயர் இது. நான்கு பக்கத்தில் ஓர் இடத்தில்கூட இந்தப் பெயர் இல்லை. எண்பது வருடத்துக்கு முன்னால் செத்த காப்புரிமைக்கு ஒப்பாரி வைப்பவர், உயிரோடிருக்கிற காப்புரிமையைக் கண்ணால் பார்க்கவில்லை.

அதைவிட விசித்திரம் இனிமேல்தான். எந்தக் கம்பெனியும் சொந்தம் கொண்டாட முடியாத குளிரூட்டி எது? புரொப்பேன். அதாவது ஆர்-290. ஐசோபியூட்டேன், அதாவது ஆர்-600ஏ. எண்ணெயும் எரிவாயுவும் சுத்திகரிக்கிற இடத்தில் கிடைக்கிற சரக்கு. மூலக்கூறு எவனுடைய கண்டுபிடிப்பும் இல்லை. ஓசோனுக்குத் தீங்கு சுழியம். சூடாக்கும் திறன் 3 மடங்கு அளவில். 1,810 எங்கே, 3 எங்கே! கம்பெனிக்காரன் கொள்ளையடிக்கிறான் என்று மூன்று பக்கம் கொதித்தவர், நான்காம் பக்கத்தில் கம்பெனிக்காரனுக்குப் பிடிக்காத அந்த ஒரே கேஸை வெடிகுண்டு என்று எழுதி, அவன் செய்ய வேண்டிய பிரசாரத்தைக் கூலியில்லாமல் செய்து கொடுத்திருக்கிறார்.

குண்டு என்றால் எவ்வளவு பெரிய குண்டு? ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசியில் ஏறுகிற புரொப்பேன் சுமார் 350 கிராம். அவர் வீட்டு அடுப்படியில் நிற்கும் சமையல் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ, நாற்பது மடங்கு. அதுவும் பெரும்பாலும் பியூட்டேனும் புரொப்பேனும்தான். அதன் பக்கத்திலேயே நெருப்பைக் கொளுத்தி தினம் மூன்று வேளை சமைக்கிறோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் 34 கன மீட்டர் காற்று. 350 கிராமும் ஒரே மூச்சில் கசிந்து அறை முழுக்கக் கலந்தால் கன மீட்டருக்குப் பத்து கிராம். புரொப்பேன் பற்றிக்கொள்ள ஏறக்குறைய 38 கிராம் வேண்டும். செட்டிநாட்டு வீட்டு அறையின் உயரத்துக்கு இது இன்னும் குறையும்.

கலக்காமல் தரையோடு தங்கினால் ஆபத்துதான், மறுக்கவில்லை. சமையல் கேஸுக்குச் சேர்ப்பதுபோல் இதில் நாற்றம் சேர்ப்பதில்லை என்பதும் உண்மை. அதனால்தான் அறையின் பரப்புக்கு இவ்வளவு கிராம்தான் என்று சர்வதேசத் தரநிலை வரம்பு வைத்திருக்கிறது. பல வருடச் சோதனைக்குப் பிறகு, கூடுதல் பாதுகாப்பு நிபந்தனைகளோடு, 2022இல் அந்த வரம்பைத் தளர்த்தியும் இருக்கிறார்கள். இந்தியாவில் கோத்ரெஜ் 2012 முதலே ஆர்-290 ஏசி விற்கிறது. அதையும் விடுங்கள். கட்டுரையாளர் வீட்டு ஃபிரிட்ஜ் சமீபத்தில் வாங்கியதாக இருந்தால், அதைக் கொஞ்சம் நகர்த்தி, பின்னால் கம்ப்ரஸரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படிக்கட்டும். பெரும்பாலும் ஆர்-600ஏ என்றே இருக்கும். கிழக்கு ஜெர்மனியாக இருந்த பகுதியின் ஒரு பழைய ஆலையும் கிரீன்பீஸும் சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்த அந்த முறையில் இன்று உலகத்தில் நூறு கோடிக்கும் மேல் ஃபிரிட்ஜ்கள் ஓடுகின்றன. அந்தக் குண்டுக்குள்தான் அவர் வீட்டு மாவும் மீன் குழம்பும் இருக்கின்றன. ஆர்-12 என்ற சிஎஃப்சி ஓடிய பழைய ஃபிரிட்ஜ் வேண்டுமென்றால் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பீங்கான் ஜாடிக்கும் பர்மா தேக்குத் தூணுக்கும் நடுவே தேடிப் பார்க்கலாம்.

உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்று மெக்கானிக்குகளுக்கே தெரியும். கேஸை முழுக்க எடுக்காமல், நைட்ரஜன் அடித்துத் துடைக்காமல், குழாயில் வெல்டிங் தீயைக் காட்டுவது. ஆர்-22க்காகச் செய்த மெஷினில் ஆர்-290ஐ ஏற்றுவது. அதைவிட மோசம், சமையல் சிலிண்டரை நேராக ஃபிரிட்ஜுக்குள் ஏற்றும் கிறுக்குத்தனம். இவற்றைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் கட்டுரை ஓர் உயிரையாவது காத்திருக்கும். தங்கம் என்று அவர் புகழும் ஆர்-22 தீயில் பட்டால் வரும் நச்சுப்புகையில் கண்ணும் தொண்டையும் எரிய வேலை பார்த்தவர்கள் இந்தத் தொழிலில் எத்தனையோ பேர். வெடிப்பைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றால், 2011இல் குளிர்சாதனக் கண்டெய்னர்கள் வெடித்துத் தொழிலாளிகள் செத்தார்களே, அவற்றில் இருந்தது புரொப்பேன் அல்ல. ஆர்-134ஏ என்ற பெயரில் விற்ற, மெத்தில் குளோரைடு கலந்த போலிச் சரக்கு. ஒரு கேஸ் தட்டுப்பாடாகும்போது போலி பெருகும். ஆர்-22ஐ விடவே மாட்டேன் என்று பிடித்துத் தொங்கினால் நாளைக்கு அந்தப் போலிச் சிலிண்டரைத் திறக்கப்போவது கட்டுரை எழுதியவரின் கை அல்ல, ஏணியில் நிற்கும் பையனின் கை.

மெக்கானிக்கின் வயிற்றுக்கு வருவோம். ஆர்-22 நாளையே நின்றுபோகிறது என்று பயமுறுத்தியிருக்கிறார். புது மெஷினில் போடுவதுதான் 2024 கடைசியோடு முடிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களின் பராமரிப்புக்கு கேஸ் தொடர்ந்து வரும். 2030க்குப் பிறகும் பராமரிப்புக்கென்று மட்டும் ஒரு சிறு பங்கு 2040 வரை அனுமதி உண்டு. இன்று தொழிலில் இருப்பவருக்கு மாறிக்கொள்ள இவ்வளவு அவகாசம் வேறு எந்தத் தொழிலிலும் கொடுத்ததில்லை. கணினி வந்தபோது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு யார் பதினைந்து வருடம் தவணை கொடுத்தார்கள்?

அவர் எழுதாமல் விட்ட விஷயம் இதுதான். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. லீக் இல்லாவிட்டால் மெஷினின் ஆயுள் முழுக்கப் போதும். ஆனால் நம் ஊரில் சித்திரை பிறந்ததும் என்ன நடக்கிறது? கூலிங் இல்லை என்று போன் போகிறது, ஆள் வருகிறார், கேஜை மாட்டி, கேஸ் குறைஞ்சுபோச்சு சார் என்கிறார், ஃபில்லிங் என்று பில் போடுகிறார், அடுத்த சித்திரையில் மறுபடி. லீக் எங்கே என்று சோப்பு நுரை வைத்துத் தேடுவதில்லை, வாக்குவம் பம்பை வண்டியிலிருந்து இறக்குவதே இல்லை. பழைய மெஷினைக் கழற்றும்போது வால்வைத் திறந்து உஸ்ஸென்று வெளியே விட்டுவிடுவது வழக்கம். அப்படிப் போகிற ஒரு கிலோ ஆர்-22 பூமியைச் சூடாக்குவது, ஏறக்குறைய 780 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்குச் சமம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் பதினான்கு தடவை போய்வரலாம். இதைச் செய்கிற பையனை நான் குறை சொல்லவில்லை. ஒரு நாளைக்கு எட்டு வீடு முடித்தாக வேண்டும் என்று முதலாளி அனுப்பினால் அவன் வாக்குவம் போட்டுக்கொண்டு உட்கார முடியாது. அப்படி அனுப்புகிறவர்களின் தலைமுறைதான் கட்டுரை எழுதியிருக்கிறது. வருடாந்திர ஃபில்லிங் வருமானத்துக்கு ஆபத்து என்று நேராக எழுதியிருந்தால் ஒரு நேர்மையாவது மிஞ்சியிருக்கும். அதற்குப் போய் டூபாண்டை எதற்கு இழுப்பது?

செட்டிநாட்டு வீட்டுப் பெருமைக்கும் ஒரு வார்த்தை. முகப்பும் வளவும், இரண்டாம் கட்டும் மூன்றாம் கட்டும், நடுவே வானம் பார்த்த முற்றமும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரும், காலுக்குக் குளிர்ச்சியான ஆத்தங்குடிக் கல்லும் வெப்பத்தை நிறுத்தின என்பது முழு உண்மை. கோடையிலும் அந்த வளவில் பாய் போட்டுப் படுக்கலாம். ஆனால் கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய வீடுகளின் பின்சுவரைப் பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சைக் குடைந்து வரிசையாக அவுட்டோர் யூனிட் மாட்டியிருக்கிறது. விருந்தாளிக்கு வளவு போட்டோவுக்கு, தூங்க ஏசி. ஊரில் மற்ற ஜனங்கள் இருப்பதோ ஒற்றை கான்கிரீட் தளத்துக்கு அடியில். பகல் முழுக்கக் குடித்த வெயிலை ராத்திரி முழுக்க அது தலையில் கொட்டும். அங்கே கைக்குழந்தை வைத்திருக்கும் ஒருத்தியிடம் போய் மூன்றாம் கட்டின் மகிமையைப் பேச முடியாது. அவள் தவணையில் ஏசி வாங்குவாள், வாங்க வேண்டும். அதற்குள் என்ன கேஸ் இருக்கும் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குத்தான் கட்டுரையில் பதில் இல்லை.

கம்பெனிகளோடு சண்டை வேண்டுமா, இடம் இருக்கிறது, நேரமும் இதுதான். கிகாலி ஏற்பாட்டில், ஆர்-410ஏ போன்ற ஹெச்எஃப்சி கேஸ்களின் இந்திய அளவு 2028இல் உறைய வேண்டும். அதற்கு அடிப்படையாக எடுப்பது 2024, 2025, 2026 ஆகிய மூன்று வருடக் கணக்கு. அதற்குப் பிறகு சந்தையில் எது நிற்கப்போகிறது, ஆர்-290ஆ, ஆர்-1234ஒய்எஃப் வகையைச் சேர்ந்த, விலை கொடுத்து வாங்கும் ஹெச்எஃப்ஓ கலவைகளா என்பது இந்தச் சில வருடங்களில் முடிவாகிவிடும். ஆர்-290 ஏசியை விரல்விட்டு எண்ணுகிற கம்பெனிகள்தான் விற்கின்றன. மற்றவர்கள் ஏன் விற்கவில்லை என்று கேட்கலாம். 2019இல் வந்த இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம் ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி என்று சொன்னதே, அதில் சிவகங்கை மாவட்டத்துக்கு எத்தனை பேர் என்று கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கலாம். எரியக்கூடிய கேஸைக் கையாளும் பாடம் உள்ளூர் ஐடிஐயில் செய்முறையாக நடக்கிறதா என்று போய்ப் பார்க்கலாம். பழைய மெஷினிலிருந்து ஆர்-22ஐ வெளியே விடாமல் சிலிண்டரில் பிடித்தால் அது மறுபடி விற்கிற சரக்கு. வரத்து குறையக் குறைய அதற்கு விலை ஏறத்தான் செய்யும். பிடிக்கிற ரெக்கவரி மெஷின் தனி ஆளுக்குச் சுமை, ஏழெட்டுக் கடை சேர்ந்தால் சுமையில்லை. அந்த ஏழெட்டுக் கடையைக் கூட்டி உட்கார வைக்கிற செல்வாக்கு இந்த ஊரில் கட்டுரையாளருக்குத்தான் இருக்கிறது. அவர் எழுதிய நான்கு பக்கத்தையே நம்பியவர்கள், இதைச் சொன்னாலும் நம்புவார்கள்.